பாசத்தால் வந்த பாசி

மீன் தொட்டியில பச்சைப் பசேல்னு பாசி படிஞ்சா எல்லாரும் முதல்ல சந்தேகப்படுறது விளக்கை. அடுத்தது ஃபில்டரை. தீனி டப்பா மேல யாருக்கும் சந்தேகமே வராது. ஆனா பாசிக்குச் சாப்பாடு பெரும்பாலும் அந்த டப்பாவுலேர்ந்துதான் போகுது!

எங்க வீட்டுத் தொட்டி 10 கேலன், அதாவது 38 லிட்டர். கப்பியும் டெட்ராவுமா பத்து சின்ன மீனுங்க. தீனி போடுறது ரூம்மேட், வாராவாரம் கால்வாசித் தண்ணியை மாத்துறது நான். டெஸ்ட் கிட்டுல நைட்ரேட் 80 பிபிஎம்னு செக்கச்செவேல்னு காட்டிச்சு. குழாய்த் தண்ணியில சுத்தமா இல்லை. அப்ப எங்கேர்ந்து வருது? பேப்பரை எடுத்துப் போட்டேன் கணக்கை.

ஒரு கிராம் தீனியில 40% புரதம்னு டப்பாவுலயே எழுதியிருக்கு. 400 மில்லிகிராம். புரதத்துல சுமார் 16% நைட்ரஜன், ஆக 64 மில்லிகிராம். கால்வாசியை மீன் தன் உடம்புல சேர்த்துக்குதுன்னு தாராளமா வச்சாலும், மீதி 48 தண்ணிக்குத்தான். அம்மோனியாவா செவுள் வழியா வெளியே வரும். பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கி, அப்புறம் நைட்ரேட்டாக்கும். ஃபில்டரோட வேலை அத்தோட முடிஞ்சது. நைட்ரேட் தொட்டியிலேயே தங்கிடும். 38 லிட்டர்ல இது சுமார் 5.6 பிபிஎம்.

ரூம்மேட் போடுறது நாளைக்கு அரை கிராம். வாரத்துக்கு மூணரை கிராம், கிட்டத்தட்ட 20 பிபிஎம். வாரம் கால்வாசித் தண்ணி மாத்தினா, ஏறி ஏறி 80-ல போய் நிக்கும். டெஸ்ட் கிட்டும் அதைத்தானே சொல்லுது! இதை 40 ஆக்க ரெண்டே வழி. ஒண்ணு, வாராவாரம் பாதித் தண்ணியை மாத்தணும், அதாவது நான் இப்ப தூக்குற மாதிரி ரெண்டு மடங்கு வாளி. இல்லை, தீனியைப் பாதியாக்கணும். எனக்கு எது பிடிச்சதுன்னு சொல்ல வேண்டியதில்லை :-)

மீன் பட்டினி கிடக்குமான்னா, கிடக்காது. பத்து மீனும் சேர்ந்து எட்டு கிராம் தேறினா அதிகம். வளர்ந்த மீனுக்கு உடல் எடையில ரெண்டு மூணு சதவீதம் தீனி தாராளம். கால் கிராம் வருது. நம்மள மாதிரி உடம்பைச் சூடா வச்சிக்க அது சாப்பாட்டை எரிக்கிறதில்லை.

இதெல்லாம் சொன்னா ரூம்மேட், "டேய், பாவம்டா, பசிக்குதுடா அதுங்களுக்கு"ன்னான். ஆளைப் பார்த்ததும் கண்ணாடிக்கு ஓடி வருதே, அதுதான் அவனுக்குச் சாட்சி. ஆள் வந்தா தீனி வரும்னு மீன் பழகிக்கும், பசிக்கும் அதுக்கும் சம்பந்தமில்லைன்னு விளக்கலாம்தான். ஆனா லேப்லேர்ந்து ராத்திரி பதினொரு மணிக்கு அவன் வரும்போது, இந்த வீட்டுல அவனைப் பார்த்து ஓடி வர்ற ஜீவன் அதுங்க மட்டும்தான். ஒரு நாளைக்கு நாலு தடவை போடுறது மீனுக்காக மட்டும் இல்லைன்னு எனக்குத் தெரியும். "போடாதே"ன்னு எப்படிங்க சொல்றது?

நல்லவேளை, கணக்குல எத்தனை தடவைங்கிற கேள்வியே இல்லை. மொத்தம் எவ்வளவுங்கிறதுதான் விஷயம். ஏழு நாள் மாத்திரை டப்பா ஒண்ணு வாங்கினேன். ஞாயித்துக்கிழமை சின்னத் தராசுல நிறுத்து, ஒவ்வொரு அறையிலயும் கால் கிராம். "அன்னிக்குரியதை நாலா பிரிச்சுப் போடு, எட்டா பிரிச்சுப் போடு, உன் இஷ்டம். தீர்ந்தா அவ்வளவுதான்"ன்னேன். கொஞ்சம் முறைச்சான், அப்புறம் ஒத்துக்கிட்டான்.

ரெண்டு மாசத்துல நைட்ரேட் 40 பக்கம் வந்திருச்சு. கண்ணாடியைச் சுரண்டுற வேலை குறைஞ்சிருக்கு. தீனியில பாஸ்பரஸும் இருக்கு, அந்த வரவும் பாதியாச்சு. அதுக்காக நைட்ரேட்டைப் பூஜ்யத்துக்குக் கொண்டு போகணும்னு கிளம்பிடாதீங்க. தொட்டியில செடி இருந்தா அதுக்கும் நைட்ரேட் வேணும். செடி வெளிறி, நைட்ரேட்டும் பூஜ்யம்னா, அங்கே தீனியைக் கொஞ்சம் கூட்டுறதே வைத்தியம்.

ரூம்மேட் இப்பவும் நாலு தடவைதான் போடுறான். பகல்ல கையைக் கட்டிக்கிட்டு, பாதியை அந்தப் பதினொரு மணிக்குன்னு மிச்சம் வச்சிக்கிறான்.