முப்பதாயிரம் பைட்டில் ஒரு பூ

திருப்பூரில் அவிநாசி சாலையை விட்டு உள்ளே பிரியும் சந்துகளில், பனியன் கம்பெனிகளின் தையல் ஓசைக்கு நடுவே எம்பிராய்டரி யூனிட்டின் ஓசை தனித்துத் தெரியும். 12 தலைகள் ஒன்றாகக் குத்தி ஒன்றாக எழும் ஓசை அது. நான் போயிருந்த யூனிட்டில் அப்படி இரண்டு மிசின்கள். இரண்டும் தொண்ணூறுகளில் ஜப்பானில் செய்தவை. தலைக்கு 9 ஊசி, நிமிடத்துக்கு 700 தையல். சட்டமும் தண்டும் இன்னும் தளரவில்லை. ஆனால் எந்த டிசைனும் மூன்றரை அங்குல ஃபிளாப்பி வழியாக உள்ளே போகும்படிதான் இவற்றைச் செய்திருக்கிறார்கள். ஃபிளாப்பி விற்பனையை சோனி 2011-இல் ஜப்பானிலேயே நிறுத்திவிட்டது.

“இரும்புக்கு ஒண்ணும் ஆகலீங்க. இன்னும் இருவது வருசம் ஓடும். கண்ணுதான் மங்கிப்போச்சு,” என்றார் மெக்கானிக் அண்ணன். கண் என்று அவர் சொன்னது ஃபிளாப்பி டிரைவை. அறுபதை ஒட்டிய வயது. சட்டைப் பையில் சின்ன ஸ்குரூ டிரைவர். சுற்று வட்டாரத்தில் பழைய மிசின் வைத்திருப்பவர்கள் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள்.

மிசினையே மாற்றிவிடலாமே என்று யாருக்கும் தோன்றும். புது மிசின் பல லட்சம். ஆயிரம் தையலுக்கு இவ்வளவு என்று கூலி பேசி ஜாப் ஒர்க் எடுக்கும் சிறிய யூனிட்டுக்கு அது தாங்க முடியாத கடன். அதைவிட முக்கியமாக, மாற்றும் அளவுக்கு வேலையில் குறை எதுவும் இல்லை. இந்தத் தொழிலில் பரவலாகப் புழங்கும் டிஎஸ்டி கோப்பு டாஜிமா மிசின்களுக்காக உருவானது. தொடக்கத்தில் 512 பைட் தலைப்பு. பிறகு ஒரு தையலுக்கு 3 பைட். ஊசி எந்தப் பக்கம் எவ்வளவு நகர வேண்டும் என்பதை மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு துல்லியத்தோடு அந்த 3 பைட் சொல்லிவிடும். 10,000 தையல் கொண்ட பூவுக்கு 30,000 பைட்தான் ஆகிறது. 720 கேபி ஃபிளாப்பி ஒன்றில் அப்படி இருபது பூக்களுக்கு மேல் அடங்கும்.

டிஎஸ்டியில் நிறம் கிடையாது. “இங்கே நில், ஊசியை மாற்று” என்ற கட்டளை மட்டும் உண்டு. எந்த ஊசியில் எந்த நூல் என்பது ஃபிளாப்பியோடு ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய சீட்டில் இருக்கிறது. பீகாரிலிருந்து வந்து மிசின் ஓட்டும் தம்பி அதை இந்தியில் எழுதியிருந்தார். அதன் கீழேயே யூனிட் நடத்தும் அக்கா தமிழில் எழுதியிருந்தார். சீட்டு தொலைந்தால் கோப்பு முழுதாக இருந்தும் பயனில்லை.

மெக்கானிக் அண்ணன் டிரைவைக் கழற்றி மேசையில் வைத்தார். பனியன் ஊரில் பஞ்சுத் தூசி படியாத இடம் ஏது? ஃபிளாப்பியைப் படிக்கும் ஹெட்டின் மேல் சாம்பல் நிறத்தில் மெல்லிய படலம். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால், அழுத்தாமல், ஒரே திசையில் துடைத்தார். ஹெட் ஓடும் தண்டில் பழைய கிரீஸ் இறுகிப் பிசினாகியிருந்தது. அதை வழித்தெடுத்துப் புதிதாகத் துளி தடவினார்.

பிறகுதான் நுட்பமான வேலை. ஃபிளாப்பிக்குள் இருக்கும் தகடு நிமிடத்துக்கு 300 சுற்று சுற்றுகிறது. பக்கத்துக்கு 80 தடம். தடத்துக்குத் தடம் 0.19 மில்லிமீட்டர். ஹெட் கொஞ்சம் விலகிவிட்டால், அந்த டிரைவ் தான் எழுதியதை மட்டும் படிக்கும். வேறு டிரைவில் எழுதி வந்ததைப் படிக்காது. மிசினோடு வந்த அசல் ஃபிளாப்பி ஒன்றை அண்ணன் பத்திரமாக வைத்திருக்கிறார். யாரும் அதில் எழுதிவிடாதபடி பாதுகாப்புத் துளையைத் திறந்தே வைத்திருக்கிறார். அதுதான் அவருக்கு அளவுகோல். மோட்டார் திருகைத் தளர்த்தி, மயிரிழை நகர்த்தி, அந்த ஃபிளாப்பியைப் படிக்கச் சொல்கிறார். படிக்கவில்லை என்றால் மறுபடி நகர்த்துகிறார். தடங்கலில்லாமல் படிக்கத் தொடங்கியதும் திருகை இறுக்குகிறார். காது மோட்டாரின் ஒலியிலேயே இருக்கிறது.

இந்த மிசின்கள் கேட்பது 720 கேபி ஃபிளாப்பி. பழைய சரக்காகக் கிடைப்பதோ பெரும்பாலும் 1.44 எம்பி. அதன் மூலையில் கூடுதலாக ஒரு சதுரத் துளை இருக்கும். அதன்மேல் டேப் ஒட்டினால், டிரைவ் அதை 720 கேபி ஃபிளாப்பி என்று எடுத்துக்கொண்டு ஃபார்மேட் செய்துவிடும். ஆனால் இரண்டின் காந்தப் பூச்சும் ஒன்றல்ல. எழுதியது நாளாவட்டத்தில் பிசகலாம். “இதுல டிசைன நெரந்தரமா வெச்சுக்காதீங்கனு சொல்லிப்போட்டுத்தான் குடுப்பனுங்க,” என்றார்.

பின்னறையில் இருப்பது பஞ்சிங் அக்காவின் உலகம். படத்தைத் தையலாக மாற்றும் வேலைக்கு இங்கே பஞ்சிங் என்று பெயர். அவர் மேசையில் விண்டோஸ் 98 ஓடும் பென்டியம் கணினி. பக்கத்திலேயே புது லேப்டாப்பும் இருக்கிறது. புதிய வேலையெல்லாம் அதில்தான். பழைய கணினி எதற்கு என்று கேட்டேன்.

“டிஎஸ்டியில இருக்கறது வெறும் தையலுங்க. அதப் பெருசாக்குனா தையல் விலகிரும், சிறுசாக்குனா நூல் குமிஞ்சிரும். அளவு மாத்தோணும்னா மூலக் கோப்பு வேணும். அது இந்த சாஃப்ட்வேர்ல மட்டுந்தான் தெறக்கும்.”

அந்த சாஃப்ட்வேர், கணினியின் பின்னால் 25 பின் பிரிண்டர் போர்ட்டில் செருகியிருக்கும் ‘லாக்’ இல்லாமல் திறக்காது. 16 பிட் காலத்தில் எழுதப்பட்டது என்பதால் 64 பிட் விண்டோஸிலும் ஓடாது. போதாக்குறைக்கு, சில மிசின்களின் பழைய ஃபிளாப்பிகள் டாஸ் முறையில் ஃபார்மேட் ஆனவை அல்ல. யூஎஸ்பி டிரைவில் போட்டால் ஃபார்மேட் செய்யட்டுமா என்று கேட்கும். தெரியாமல் சரி என்று தட்டினால் டிசைன் போய்விடும். 34 பின் கேபிளில் மதர்போர்டோடு நேரே இணைந்த டிரைவ்தான் அவற்றைப் படிக்கும்.

ஆகவே கணினியும் உயிரோடு இருக்க வேண்டும். உப்பிப்போன கெப்பாசிட்டர்களை அண்ணன் மாற்றியிருக்கிறார். பயாஸ் பேட்டரி தீர்ந்தால் ஃபிளாப்பி டிரைவ் இருப்பதையே கணினி மறந்துவிடும் என்பதால் அதையும் அவ்வப்போது மாற்றுகிறார். ஹார்டு டிஸ்க்கின் இடத்தில் காம்பாக்ட் ஃபிளாஷ் அட்டை. உதிரிகளுக்காகச் சென்னை ரிச்சி தெருவில் அலைந்திருக்கிறார். இரண்டாவது மிசினில் கோடெக் என்ற கருவியைப் பொருத்தியிருக்கிறார். ஃபிளாப்பி டிரைவ் இருந்த அதே இடத்தில் உட்கார்ந்து, பென் டிரைவை ஃபிளாப்பி என்று மிசினை நம்பவைக்கும் கருவி. மிசின் எதிர்பார்க்கும் சமிக்ஞைக்கு ஏற்ப ஜம்பர்களை மாற்றிப் போடத் தெரிந்திருந்தால்தான் அது வேலை செய்யும். இருந்தாலும் அது இனிமேல் வரும் டிசைன்களுக்குத்தான் உதவும். அலமாரியில் இருக்கும் பழைய ஃபிளாப்பிகளைப் படித்து வெளியே எடுக்க அந்தப் பென்டியம் வேண்டும்.

இதைப் பின்தங்கிய ஊரின் கதையாகப் பார்க்கக் கூடாது. போயிங் 747-400 விமானங்களின் வழித்தடத் தரவு 28 நாளுக்கு ஒருமுறை ஃபிளாப்பியில்தான் ஏற்றப்பட்டது. சான் பிரான்சிஸ்கோ நகர ரயிலின் கட்டுப்பாட்டு முறை 1998 முதல் ஃபிளாப்பியை நம்பி ஓடியது. நல்ல எந்திரம் நெடுங்காலம் உழைக்கும்; அதற்குள் தரவு நுழையும் வாசல்தான் சீக்கிரம் பழுதாகும். அந்த இடைவெளியை எங்கேயும் யாரோ ஒருவர் தன் கைப்பழக்கத்தால் நிரப்பிக்கொண்டிருக்கிறார்.

அந்த அறையில் எனக்குத் தெளிவானது ஒன்று. டிஎஸ்டி எல்லாருக்கும் தெரிந்த கோப்பு. அதனால் முப்பது ஆண்டுக்கு முந்தைய பூவும் இன்று தைக்கப்படுகிறது. மூலக் கோப்பு பூட்டுக்குள் இருக்கிறது. அந்தச் சின்ன லாக் பழுதானால், பஞ்சிங் அக்கா கண் வலிக்க உட்கார்ந்து வரைந்ததெல்லாம் அன்றோடு போகும். விற்பனையை நிறுத்தும் நிறுவனம், தன் சாஃப்ட்வேரின் பூட்டைத் திறந்துவிட்டுத்தான் போக வேண்டும். கோப்பின் அமைப்பையும் பழுதுபார்க்கும் குறிப்பையும் வெளியிட வேண்டும். அந்தக் கோப்பில் இருப்பது வாங்கியவரின் உழைப்பு.

இன்னொன்று நம்மால் உடனே ஆகக்கூடியது. ஹெட்டைச் சீரமைக்கவும், 34 பின் டிரைவில் பழைய ஃபிளாப்பியைப் படித்து நகலெடுக்கவும், நிறச் சீட்டைக் கோப்போடு சேர்த்து வைக்கவும் ஒருவர் சில வாரங்களில் கற்றுக்கொள்ளலாம். அண்ணனிடம் இதைக் கற்க இன்று யாரும் வருவதில்லை. திருப்பூரின் தொழில் சங்கங்களும் ஐடிஐகளும் நாலு பிள்ளைகளை அவரிடம் அனுப்பினால் போதும். சொல்லித்தர அவர் தயாராக இருக்கிறார். நான் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டார்.