கீழண்டை, மேலண்டை

எங்க பெரியப்பா சாப்பாட்டு நேரத்துல கூட திசை வச்சுதான் பேசுவார். "அந்த ரசச் சொம்ப கொஞ்சம் மேக்கால தள்ளுடா"ம்பார். லீவுக்குப் போன எனக்கு மேக்கு எதுன்னே தெரியாது. திருதிருன்னு முழிப்பேன்.

சமீபத்துல சீன மொழி பத்திப் படிச்சப்போ அவர் ஞாபகம்தான் வந்தது. சீனத்துல கிழக்கு, மேற்கு ரெண்டையும் சேர்த்துச் சொன்னா 'சாமான்'னு அர்த்தம். வடக்குக்கான எழுத்து, ஆதியில ரெண்டு பேர் முதுகோட முதுகு ஒட்டி நிக்கிற படம். முதுகுக்கான எழுத்துக்குள்ளேயும் அதே வடக்கு உட்கார்ந்திருக்கு. ராஜா தெற்கு பார்த்து உட்காரணும்கறது அங்க சம்பிரதாயம். முதுகு தானா வடக்கே போயிடும். 'தெற்கைக் காட்டுவது'ங்கற சொல்லுக்கு இன்னிக்கு வழிகாட்டிப் புத்தகம்னு அர்த்தம்.

அங்க ராஜாவோட முதுகுன்னா, நம்ம பக்கம் மண்ணோட சரிவு. மேல் இருக்கற பக்கம் மேற்கு, கீழ் இருக்கற பக்கம் கிழக்கு. காவிரி குடகுல பிறந்து, மேட்டூர், கல்லணை தாண்டி கிழக்கே இறங்கிக் கடலுக்குப் போகுது. தஞ்சாவூர்ல நாலு ராஜவீதியைப் பாருங்க: வடக்கு வீதி, தெற்கு வீதி. மத்த ரெண்டும் மேலவீதி, கீழவீதி!

இதுல ஒரு வேடிக்கை. கேரளாவுல மலை கிழக்கே இருக்கு, கடல் மேற்கே. ஆனாலும் அவங்களும் மலைப்பக்கத்தை 'கிழக்கு'ன்னுதான் சொல்றாங்க. அந்தச் சொல் மலைக்கு இந்தப் பக்கம் பிறந்ததுங்கறதுக்கு இதையே ஆதாரமாக் காட்டினார் கால்டுவெல். மண்ணு மாறினாலும் சொல்லு மாறலை. அதே மாதிரிதான் 'மேல்நாட்டு சரக்கு'ன்னு நாம வாயைப் பிளக்கறதும். மேல்நாடுன்னா மேற்கத்திய நாடு, அவ்வளவுதான். உசத்தின்னு நாமளா சேர்த்துக்கிட்டோம்.

இதையெல்லாம் பெருமையா என் பால்ய சிநேகிதன்கிட்ட சொன்னேன். அவன் எங்க ஊர்க் கீழத்தெருக்காரன். "கீழத்தெருன்னா கிழக்குத் தெருடா, மட்டமான தெருன்னு அர்த்தமில்ல"ன்னேன். சிரிச்சான்.

"சின்ன வயசுல நான் உங்க வீட்டுக்கு வந்தா எங்க நிப்பேன், ஞாபகம் இருக்கா?"

இருந்தது. கொல்லைப்பக்கம். பெரியம்மா தண்ணியைத் தூக்கி ஊத்துவாங்க, இவன் ரெண்டு கையையும் குவிச்சுக் குடிப்பான். நான் பக்கத்துலயே நின்னு பார்த்துக்கிட்டு இருந்திருக்கேன்.

"வாய்க்கால்ல தண்ணி வந்தா எந்தப் பக்கம் கடைசியா வரும்? வெள்ளம் வந்தா எது முதல்ல முழுகும்? கூலி கேட்டதுக்கு 1968 டிசம்பர் 25 ராத்திரி 44 பேரைக் குடிசையோட எரிச்சாங்களே, அந்த ஊர்ப் பேரு கீழ்வெண்மணி. அகராதியில கீழன்னா கிழக்குதான்டா. ஊர்ல?"

எனக்குப் பதில் வரலை.

பெரியப்பா இப்ப இல்லை. சொல்லோட வேர் என்னன்னு அவர் தெளிவாச் சொல்லிக் கொடுத்துட்டார். அதுக்கு மேல என்னென்ன முளைச்சிருக்குன்னு இவன்கிட்டதான் கத்துக்க வேண்டியிருந்தது.

உங்க ஊர்ல கீழத்தெரு எந்தப் பக்கம் இருக்கு? நிஜமாவே கிழக்கேதானா?