சக்லேஷ்பூரிலிருந்து சுப்ரமண்யா ரோடு வரை

கர்நாடகத்தின் ஹாசன் மாவட்டத்திலுள்ள சக்லேஷ்பூருக்கும் தட்சிண கன்னட மாவட்டத்தின் சுப்ரமண்யா ரோடு நிலையத்துக்கும் இடையே மேற்குத் தொடர்ச்சி மலையை ஒரு ரயில் பாதை கடக்கிறது. நீளம் ஏறத்தாழ 55 கிலோமீட்டர். ரயில்வே ஊழியர்கள் இதைக் ‘காட் செக்‌ஷன்’ என்பார்கள். பெங்களூருவின் மலையேற்றக் குழுக்களுக்கு இது பல ஆண்டுகளாக வேறொன்றாகவும் இருந்தது: நண்பர்கள் கூடி அதன் ஒரு பகுதியை ஒரே பகலில் நடந்து முடிக்கும் பாதை. சட்டம் அந்த நடையை ஒருபோதும் அனுமதித்ததில்லை என்பதை நடந்தவர்களில் பலர் பொருட்படுத்தவில்லை.

பாதை போடப்பட்டதற்குக் காரணம் துறைமுகம். 1974-இல் பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்ட புதிய மங்களூர் துறைமுகத்துக்கு உள்நாட்டிலிருந்து இரும்புத்தாது போக வேண்டும்; உரமும் எரிபொருளும் மேலே ஏற வேண்டும். ஹாசன் - மங்களூர் மீட்டர்கேஜ் பாதை மலையைத் தாண்டி முழுமையடைந்தது 1979-இல். பதினேழு ஆண்டுகள்தான் ஓடியது. அகலப்பாதையாக மாற்ற 1996-இல் மலைப்பகுதி மூடப்பட்டு, சரக்கு ரயில் 2006-இலும் பயணிகள் ரயில் 2007 டிசம்பரிலும் திரும்பின. இடைப்பட்ட பத்தாண்டில் ரயில் இல்லாத சுரங்கங்களும் பாலங்களும் காட்டுக்குள் கிடந்தன. வண்டி வராத பாதையில் நடக்க யாருக்கும் பயமில்லை.

சக்லேஷ்பூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மறுமுனை நூறு மீட்டரைச் சற்றே தாண்டும். இந்த 800 மீட்டர் இறக்கத்துக்குப் பாதைக்கு விதிக்கப்பட்ட சரிவு ஐம்பதுக்கு ஒன்று, அதாவது கிலோமீட்டருக்கு 20 மீட்டர். கணக்குப்படி நாற்பது கிலோமீட்டராவது வேண்டும். நிலையங்களில் பாதை ஏறக்குறைய மட்டமாக இருக்க வேண்டியிருப்பதால் இன்னும் கூடும். பக்கத்துப் பள்ளத்தாக்கில் ஓடும் தேசிய நெடுஞ்சாலை 75 இதே மலையைச் சிராடி மலைவழியில் ஏறத்தாழ 26 கிலோமீட்டரில் இறங்கிவிடுகிறது. லாரி செங்குத்தாக இறங்கலாம், சரக்கு ரயில் முடியாது. அதனால்தான் தண்டவாளம் மலைமடிப்பு ஒவ்வொன்றிலும் புகுந்து வெளியே வருகிறது: 57 சுரங்கங்கள், நூற்றுக்கு மேற்பட்ட கூர்மையான வளைவுகள், சிறிதும் பெரிதுமாக இருநூறுக்கு மேல் பாலங்கள்.

தொடக்கத்தில் மலை தெரிவதில்லை. சக்லேஷ்பூர் ஊரைத் தொட்டு ஓடும் ஹேமாவதி கிழக்கே போய்க் காவிரியில் சேர்கிறது; இங்கே பெய்யும் மழை தமிழ்நாட்டுக்கும் உரியது. சுற்றிலும் காப்பித் தோட்டங்கள், நிழல்மரங்களில் படர்ந்த மிளகுக்கொடி, ஏலக்காய். யானைகள் தோட்டங்களுக்குள் வந்துபோவது இந்த வட்டாரத்தின் தீராத வழக்கு. நெடுஞ்சாலை ஓரக் குன்றில் திப்பு சுல்தான் 1792-இல் கட்டி முடித்த மஞ்சராபாத் கோட்டை நிற்கிறது. மேலிருந்து பார்த்தால் எட்டு முனை நட்சத்திர வடிவம். கடற்கரையிலிருந்து மலையேறி வரும் வழியைக் காவல் காப்பதே அதன் வேலை. ரயில் பாதையும் அதே வாசலைத்தான் பயன்படுத்துகிறது.

அடுத்த நிலையம் தோணிகால். நடைக்காரர்களின் வழக்கமான தொடக்கம் இதுவாக இருந்தது. பெங்களூருவின் ஜோகுபாளையத்திலோ அல்சூரிலோ இருக்கும் நாலைந்து பேர், வார இறுதி இரவில் மெஜஸ்டிக் பேருந்து நிலையத்தில் தர்மஸ்தலா அல்லது மங்களூர் வண்டி ஏறினால், விடியும் முன் தோணிகாலில் சாலையோரம் இறங்கிவிடலாம். அங்கிருந்து தண்டவாளம் கூப்பிடு தூரம். நடை வழக்கமாக முடியும் எடகுமேரி நிலையம் வரை ஏறத்தாழ 18 கிலோமீட்டர். முழு இறக்கம், ஆனால் எளிய நடை அல்ல. அகலப்பாதையின் ஸ்லீப்பர்கள் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் இடைவெளியில் கிடக்கின்றன. வளர்ந்த மனிதனின் இயல்பான எட்டு அதைவிட நீளம். ஒவ்வொன்றிலும் கால் வைத்தால் எட்டு குறுகும், ஒன்றைத் தாண்டி வைத்தால் அகலும், நடுவில் வைத்தால் ஜல்லி புரளும். மழைக்காலத்தில் இதோடு அட்டையும் சேரும்.

தோணிகாலைத் தாண்டியதும் நிலம் கைவிடுகிறது. நீர்ப்பிரிமேடு இங்கேதான். இதற்கு மேற்கே விழும் துளி கெம்பு ஹொளே போன்ற ஓடைகள் வழியாகக் குமாரதாரையில் இறங்கி, உப்பினங்கடியில் நேத்ராவதியோடு கலந்து அரபிக்கடலுக்குப் போகிறது. இந்தப் பக்கத்து ஓடைகளில் ஒன்றுதான் எத்தினஹொளே. அதன் நீரைப் பம்பு வைத்து மலைக்கு மேலேற்றிக் கோலார், சிக்கபள்ளாபூர் போன்ற வறண்ட மாவட்டங்களுக்குக் கிழக்கே திருப்பும் திட்டத்தின் முதல் கட்டம் 2024 செப்டம்பரில் தொடங்கிவைக்கப்பட்டது. மேற்கே இறங்க ரயிலுக்கு 55 கிலோமீட்டர் தேவைப்பட்ட மலையில் தண்ணீரை எதிர்த்திசையில் ஏற்றுவது துணிச்சலா வீம்பா என்ற வாதம் கர்நாடகத்தில் இன்னும் ஓயவில்லை.

அடுத்த நிலையமான கடகரவள்ளிக்கும் எடகுமேரிக்கும் இடைப்பட்ட துண்டுதான் இந்தப் பாதையின் உயிர்நிலை. சுரங்கம் முடிந்த இடத்தில் பாலம், பாலம் முடிந்த இடத்தில் சுரங்கம். நீண்ட சுரங்கங்கள் வளைந்து போவதால் ஒரு வாயிலிலிருந்து மறுவாயில் தெரியாது. உள்ளே வௌவால் நெடி, சுவரில் ஊற்று. பராமரிப்பு ஊழியர் ஒதுங்குவதற்குச் சுவரில் குடைந்த மாடங்களும் பாலங்களின் பக்கவாட்டில் நீட்டிய சிறு மேடைகளும் உண்டு. அவை கேங்மேன்களுக்கானவை. வண்டி வரும் நேரம் அவர்களுக்குத் தெரியும். முதுகில் பை மாட்டி வந்த கல்லூரி மாணவர்களுக்குத் தெரியாது. இரும்புப் பாலங்களில் ஸ்லீப்பர்களுக்கு இடையே ஜல்லி கிடையாது, நேராகக் கீழே பள்ளத்தாக்குத்தான். மேலிருந்து இறங்கும் ரயில் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மிகாமல்தான் வருகிறது, ஆனால் மழைச் சத்தமும் அருவிச் சத்தமும் அதை மறைத்துவிடும்.

ரயில்வே சட்டம் 1989-இன் 147-ஆம் பிரிவு, அனுமதியின்றித் தண்டவாளத்தில் நுழைவதற்கு ஆறு மாதம் வரை சிறையோ ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கிறது. சுற்றியுள்ள காப்புக்காட்டில் நுழைய வனத்துறை அனுமதி தனி. ரயில் திரும்பி வந்தபின்னும் நடை நிற்கவில்லை. தொடக்கத்தில் கண்டும் காணாமலும் விட்ட அதிகாரிகள் பிறகு ஆள்களைப் பிடித்துத் திருப்பி அனுப்பத் தொடங்கினார்கள். காட்சிக்காக வருவோருக்கு ரயில்வே கொடுத்த மாற்று, 2021 ஜூலையில் பெங்களூரு - மங்களூரு ரயில்களில் சேர்த்த விஸ்டாடோம் பெட்டி: கண்ணாடிக் கூரை, சுழலும் இருக்கை. காட்சி உண்டு, வாசனை கிடையாது.

எடகுமேரி காட்டின் நடுவே உள்ள நிலையம். ஊர் என்று ஏதும் பக்கத்தில் இல்லை. ஊழியர்களுக்கு வேண்டியதும் ரயிலிலேயே வர வேண்டும். நடந்து வந்தவர்கள் இங்கே தண்டவாளத்தை விட்டுக் காட்டுக்குள் இறங்கி, ஆற்றைக் கடந்து குண்டியா அருகே நெடுஞ்சாலையைப் பிடிப்பது வழக்கமாக இருந்தது. கோடையில் முழங்கால் நீர். ஜூன் முதல் அதே ஆறு கடக்கவே முடியாதது.

அந்த மழை பாதையையும் விடுவதில்லை. மலையின் இந்த மேற்குச் சரிவில் பல இடங்களில் ஆண்டு மழை 4,000 மில்லிமீட்டரைத் தாண்டுகிறது. பெரும்பகுதி நான்கு மாதத்துக்குள். பாதைக்காகச் சரிவை வெட்டிய இடங்களில் பாறைமேல் உட்கார்ந்திருக்கும் மண் நீரை உறிஞ்சிக் கனத்துச் சரிகிறது. 2018 ஆகஸ்ட்டில் பல இடங்களில் சரிந்து ரயில்கள் வாரக்கணக்கில் நின்றன. 2024 ஜூலை கடைசியில் எடகுமேரிக்கும் கடகரவள்ளிக்கும் இடையே தண்டவாளத்தின் அடிமண்ணே போய், இரண்டு வாரத்தை ஒட்டிப் போக்குவரத்து இல்லை. சுரங்கம் இங்கே பாதுகாப்பான இடம். ஆபத்து திறந்த வெட்டில்தான். 2025-இல் மின்மயமாக்கலுக்காகப் பகல் ரயில்கள் மாதக்கணக்கில் நிறுத்தப்பட்டதும் மழைக்காலத்தில்தான்; வேலையாட்களுக்குக் கிடைத்த பகலில் பாதியை மழை எடுத்துக்கொள்ளும் பருவம் அது.

எடகுமேரிக்குக் கீழே சிரிபாகிலு. இங்கே பாலங்கள் குறைந்து, காடு வெப்பமாகி, மூங்கில் கூடுகிறது. பிறகு பாக்குத் தோட்டங்களும் ரப்பரும். தெற்கே 1,712 மீட்டர் உயரக் குமார பர்வதம் தெரியத் தொடங்கும். மலைத்தொடரைக் காலால் கடக்க விரும்புவோருக்குச் சட்டப்படி திறந்த வழிகளில் ஒன்று அது: குடகின் பீடஹள்ளிப் பக்கம் ஏறி உச்சி தொட்டு, சேஷ பர்வதம், கிரிகத்தே வழியாகக் குக்கே கோயிலடியில் இறங்கலாம். ஒரே பகலில் முடிப்பவர்கள் உண்டு; நல்ல கால் வேண்டும், வனத்துறையில் முன்பதிவும் வேண்டும்.

நெட்டணாவில் இருக்கும் சுப்ரமண்யா ரோடு நிலையத்தில் மலைப்பாதை முடிகிறது. குக்கே சுப்ரமண்யர் கோயிலுக்குப் போகும் பக்தர்கள், அவர்களில் தமிழர்களும் நிறைய, இறங்கி வேனோ பேருந்தோ ஏறுவது இங்கேதான். மேலே போகும் கனத்த ரயில்களுக்குப் பின்னாலிருந்து தள்ளும் பேங்கர் என்ஜின்களை இங்கே மாட்டுகிறார்கள். இறங்கி வந்த வண்டி வேகக் கட்டுப்பாட்டிலிருந்து விடுபட்டு, கபக புத்தூர், பண்ட்வால் வழியாக மங்களூருக்குக் கிளம்புகிறது.