அத்தாவின் தபால்தலைத் தொகுதியும் ஓர் அமானிதமும்



கொடைக்கானலில் வாழ்பவர்களுக்குக் குளிர் பழகிவிடும், ஈரம் பழகுவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மேகம் சன்னல் வழியாக வீட்டுக்குள் நுழைந்து, பெட்டிக்குள்ளும் புத்தகத்துக்குள்ளும் குடியேறிவிடும். 2019ஆம் ஆண்டு அப்படியொரு மழைக்காலத்தில்தான் என் தந்தையார் வஃபாத்தானார்கள். அம்மாவின் இத்தாக் காலம் முடிந்த பிறகு, அத்தாவின் தகரப் பெட்டியைத் திறந்தோம். பத்திரங்களும் கடைக் கணக்கு நோட்டுகளும் இருந்தன. அவற்றின் அடியில் பச்சைத் துணியில் சுற்றிய தபால்தலை ஆல்பம் இருந்தது. அக்காவும் அம்மாவும் மனமொப்பி அதை என்னிடம் தந்தார்கள்.

அத்தா மூஞ்சிக்கல்லில் சிறிய மளிகைக் கடை வைத்திருந்தார்கள். 1845 முதல் அமெரிக்கப் பாதிரிமார் கோடைக்கு வந்து தங்கிய ஊர் இது. அவர்களுடைய பிள்ளைகளுக்காக 1901இல் தொடங்கிய பள்ளிக்கூடம் இன்றும் நடக்கிறது. ஆகவே எங்கள் ஊருக்குப் பல தேசத்துக் கடிதங்கள் வரும். கடைக்கு வருவோர் உறையின் மூலையைக் கத்தரித்து அத்தாவிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஆனால் அத்தாவின் மனம் வெளிநாட்டுத் தலைகளைவிட நம் நாட்டின் ஒரு தொகுதியின் மீதே தங்கியிருந்தது.

சுதந்திரம் அடைந்து சரியாக இரண்டாண்டு நிறைந்தபோது, 1949 ஆகஸ்ட் 15 அன்று, இந்திய அஞ்சல் துறை தொல்லியல் சின்னங்களைக் கொண்ட 16 தபால்தலைகளை வெளியிட்டது. மூன்று பைக்கு அஜந்தா யானை. ஆறணாவுக்கு பீஜப்பூரின் கோல் கும்பஸ். பன்னிரண்டணாவுக்கு அமிர்தசரஸ் பொற்கோயில். இரண்டு ரூபாய்க்குச் செங்கோட்டை. ஐந்து ரூபாய்க்குத் தாஜ்மகால். பத்து ரூபாய்க்குக் குதுப் மினார். பதினைந்து ரூபாய்க்குப் பாலிதானாவின் சத்ருஞ்சய சமணக் கோயில். அன்றைய பை, அணாவில் பன்னிரண்டில் ஒரு பங்கு. பதினாறு அணா ஒரு ரூபாய். அந்தக் கணக்கில் முழுத் தொகுதியின் முகமதிப்பு 35 ரூபாய் 9 அணா. பத்து ரூபாய், பதினைந்து ரூபாய்த் தலைகளை ஒட்டாமல் எடுத்துவைக்க அந்நாளில் எத்தனை குடும்பங்களால் முடிந்திருக்கும்? முத்திரை குத்தியவை இன்றும் எளிதில் கிடைக்கின்றன. புத்தம் புதியவையோ விலை உயர்ந்தவை.

அத்தொகுதியில் ஒரு பிழையும் உண்டு. ஓரணாத் தலையில் போதிசத்துவர் சிலை இடவலம் மாறி அச்சாகிவிட்டது. மறு ஆண்டு, 1950இல், திருத்திய தலையை வெளியிட்டார்கள். அத்தா இரண்டையும் அருகருகே வைத்து, "தப்பு செய்தவன் அதைத் திருத்திக்கொண்டதற்குச் சாட்சி பார்த்தாயா?" என்று சிறுவனான எனக்குக் காட்டுவார்கள்.

சிலைகளும் கோயில்களும் உள்ள படங்களை முஸ்லிம் வீட்டில் வைக்கலாமா என்று உறவினர் ஒருவர் கேட்டதுண்டு. அத்தா அக்காலத்துப் பள்ளிவாசல் ஹழ்ரத்திடமே போய்க் கேட்டார்கள். "சுவரில் மாட்டி மரியாதை செய்யவில்லையே. புத்தகத்துக்குள் மூடித்தானே இருக்கிறது? காசு, பணத்தில் உள்ள படத்தைப் போன்றதுதான்" என்று அவர் சொல்லிவிட்டார். அத்தாவும் ஆல்பத்தை ஒருபோதும் விரித்து வைத்ததில்லை.

பக்கத்தைத் திருப்பினால் குதுப் மினாருக்குரிய இடம் மட்டும் காலியாக இருக்கும். அங்கே அத்தா பென்சிலால் ஒரு கட்டம் வரைந்திருந்தார்கள். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி 2006இல் மலையெங்கும் பூத்தது. அவ்வாண்டு குறிஞ்சித் தபால்தலை வெளியானபோது அதை வாங்கி வந்த அத்தா, "பூவே பன்னிரண்டு வருடம் பொறுக்கிறது. எனக்கென்ன அவசரம்?" என்று சிரித்தார்கள். அடுத்த முறை, 2018இல், குறிஞ்சி பூத்தபோதும் அந்தக் கட்டம் காலியாகவே இருந்தது.

ஆல்பம் என் கைக்கு வந்தபோது ஈரம் அதில் வேலையைத் தொடங்கியிருந்தது. ஓரங்களில் பழுப்புப் புள்ளிகள். சில தலைகளின் பின்புறப் பசை இளகிப் பக்கத்தோடு ஒட்டியிருந்தது. பதற்றத்தில் தண்ணீரில் போட இருந்தேன். அனுபவசாலி ஒருவர் தடுத்தார். முத்திரை குத்திய தலையை வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிட்டு உறையிலிருந்து பிரிக்கலாம். புதிய தலையை நனைத்தால் பசை கரைந்து அதன் மதிப்பே போய்விடும் என்றார்.

அவரிடம் கற்றவற்றை உங்களுக்கும் சொல்கிறேன். பழைய கடிதம், நிக்காஹ் பதிவு, பெற்றோரின் புகைப்படம் எந்த வீட்டில்தான் இல்லை? விரலால் தொடாமல் இடுக்கியால் எடுக்க வேண்டும். விரலின் எண்ணெய்ப் பசையே கறையாகும். பக்கங்களுக்கு இடையில் கிளாசின் தாள் வைக்க வேண்டும். பி.வி.சி. பிளாஸ்டிக் உறை நாளடைவில் தாளைக் கெடுக்கும். பாலியெஸ்டர் உறை நல்லது. லேமினேட் செய்யவே கூடாது. செய்தால் பிறகு பிரிக்க வழியில்லை. ஆல்பத்தைப் படுக்கவைத்து மேலே பாரம் ஏற்றாமல், புத்தகம்போல் நிறுத்தி வைக்க வேண்டும். வெளிச்சுவரை ஒட்டிய பீரோ வேண்டாம். மலையில் அந்தச் சுவர்தான் முதலில் வியர்க்கும். சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, அது ஈரம் குடித்த பின் சூடாக்கி உலர்த்தி மறுபடி வைக்கலாம். தை, மாசி மாத உலர்ந்த நாள்களில் நேர்வெயில் படாமல் காற்றாட விரிக்க வேண்டும்.

இவ்வளவும் செய்தபின் காலியான கட்டம் என்னை உறங்கவிடவில்லை. இரண்டாண்டு தேடி, மதுரையில் ஒரு வியாபாரியிடம் குதுப் மினார் தலையை வாங்கினேன். விலையை என் மனைவியிடம் பாதிதான் சொன்னேன். (பிறகு முழுவதையும் சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.) பெருக்கிக்கொள்ளும் ஆசை மண்ணறை வரை மனிதனைத் திசைதிருப்புவதை எச்சரிக்கும் அத்தகாஸுர் அத்தியாயத்தைத் தொழுகையில் ஓதிக்கொண்டேதான் இதைச் செய்தேன். நாவு ஓதியது, நெஞ்சு கேட்கவில்லை.

ஓர் இஷாவுக்குப் பின் அந்தத் தலையை அதன் கட்டத்தில் வைத்தேன். பதினாறும் நிறைந்தன. அத்தா இருந்திருந்தால் என்று கண் கலங்கியது. அப்படியே எல்லாவற்றையும் புதிய உறைகளுக்கு மாற்றத் தொடங்கினேன். பதினைந்து ரூபாய்த் தலையை எடுத்தபோது அதன் பின்னாலிருந்து மடித்த மெல்லிய தாள் ஒன்று விழுந்தது. அத்தாவின் கையெழுத்து:

"இது இரவல். கண்காட்சிக்காக வாங்கியது. வத்தலக்குண்டு போஸ்டாபீஸ் அய்யாவிடம் திருப்பித் தர வேண்டும். 1981."

போஸ்டாபீஸ் அய்யாவை எனக்கு மங்கலாக நினைவிருக்கிறது. எங்கள் ஊர் அஞ்சலகத்தில் எழுத்தராக இருந்தவர். அத்தாவைப் போலவே தபால்தலை சேர்த்தவர். மாற்றலாகிப் போனபின் அவரைப் பற்றிய பேச்சு வீட்டில் குறைந்துவிட்டது. அத்தா ஏன் திருப்பித் தரவில்லை என்பதை நான் அறியேன். அறியாததைக்கொண்டு அவர்களைத் தீர்ப்பிடவும் எனக்கு உரிமையில்லை. எழுதி வைத்திருந்தார்கள், மறுக்கவில்லை. மீதி எங்கள் பொறுப்பு.

ஆனால் அன்றிரவு என் உள்ளம் நேர்மையாக இருக்கவில்லை. நாற்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. அவர் இருக்கிறாரோ இல்லையோ. இந்தத் தாளைப் பார்த்தவன் நான் ஒருவனே. இப்படியெல்லாம் எண்ணினேன். நண்பர் ஒருவர், "அதன் விலையை அவர் பெயரால் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுங்கள்" என்று வழி சொன்னார். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. பிடித்திருந்ததாலேயே சந்தேகம் வந்து, இப்போதைய ஹழ்ரத்திடம் கேட்டேன்.

"உரியவரைத் தேடிக் கிடைக்காதபோது சொல்லப்படும் வழி அது. நீங்கள் தேடினீர்களா?" என்றார் அவர். எனக்குப் பதில் இல்லை.

மய்யித்தின் கடன் தீர்ந்த பின்னரே வாரிசுகளுக்குப் பங்கு என்பது குர்ஆன் வகுத்த முறை. கடன்பட்டு இறந்த ஒருவருக்கு ஜனாஸா தொழுவிக்காமல் பெருமானார் (ஸல்) அவர்கள் ஒதுங்கி நின்றதும், தோழர் அபூ கத்தாதா (ரலி) அவர்கள் அக்கடனை ஏற்றுக்கொண்ட பிறகே தொழுவித்ததும் நாம் கேட்டு வளர்ந்த செய்தி. தம்மைக் கொல்லத் திட்டமிட்ட மக்காவாசிகளின் அமானிதங்களைத் திருப்பிக் கொடுப்பதற்காகவே ஹிஜ்ரத்தின்போது அலீ (ரலி) அவர்களை நபியவர்கள் அங்கே விட்டுச் சென்றார்கள். பகைவரின் பொருளுக்கே அந்தக் கண்ணியம் என்றால், நம்பி இரவல் தந்த நண்பரின் பொருளுக்கு? எங்களுக்குச் சொந்தமில்லாத ஒன்றையும் சேர்த்தே நாங்கள் பங்கு பிரித்திருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் வழிகாட்டினார். பெருமாள்மலை, ஊத்து வழியாகப் பேருந்தில் இறங்கி வத்தலக்குண்டு போனேன். அய்யா இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. அவருடைய துணைவியார் திண்ணையில் அமர்ந்திருந்தார். நான் இன்னாருடைய மகன் என்றதும், "மூஞ்சிக்கல் ராவுத்தர் மகனா? வா தம்பி" என்று எழுந்தார்.

செய்தியைச் சொல்லித் தலையை நீட்டினேன். அவருடைய மகன் சங்கடத்தோடு, அப்பாவின் ஆல்பத்தைப் பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போட்டு வெகுநாளாகிவிட்டது என்றார். "இது ஒன்றை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது? நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். அந்தச் சொல்லுக்காக என் மனம் வழிநெடுக ஏங்கியிருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதன் இன்றைய மதிப்பைச் சொல்லாமல் அந்த அன்பளிப்பை ஏற்பது ஏமாற்று என்பதால், விலையைச் சொன்னேன். அவர் திகைத்தார். அம்மையார் திகைக்கவில்லை. கையை நீட்டி, "அவர் தொட்டது. கொடு தம்பி" என்றார்.

உள்ளே சென்று கணவரின் பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டைக் கொண்டுவந்தார். கண்ணாடிக்கு மேல் அந்தத் தலையை வைத்து மூடினார். கிளாசின் உறையைக்கூட எடுத்துவிட்டார். நான் கற்ற அத்தனையும் நாவின் நுனிக்கு வந்தது. ஈரம் படாமல் வைத்துக்கொள்ளுங்கள் அம்மா என்று ஒரே ஒரு முறை சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். பொருள் அவருடையது, அதை எப்படி வைத்துக்கொள்வது என்பதும் அவருடைய உரிமை.

எங்கள் ஊர் வானாய்வகத்தில் 1904 முதல் நாள்தோறும் சூரியனைப் படமெடுத்து வைத்திருக்கிறார்கள். நூறாண்டுக்கும் மேற்பட்ட அந்தத் தொகுப்பை இப்போது கணினியிலும் ஏற்றியிருக்கிறார்கள். மேகம் மறைத்த நாள்களுக்கு அதில் படம் இல்லை. இடைவெளி இடைவெளியாகவே இருக்கிறது. தொகுப்பு நிறைய வேண்டும் என்பதற்காக அங்கே யாரும் ஒரு சூரியனை வரைந்து வைக்கவில்லை. அதனால்தான் உலகம் அதை நம்புகிறது.

அத்தாவின் ஆல்பத்தில் இப்போது குதுப் மினார் இருக்கிறது. பதினைந்து ரூபாய்க்குரிய இடம் காலி. அங்கே அத்தாவின் துண்டுத் தாளை வைத்து, அதன்கீழ் "ஒப்படைக்கப்பட்டது" என்று எழுதித் தேதி இட்டிருக்கிறேன். வேறொன்று வாங்க எனக்கு அவசரமில்லை. சென்ற வாரம் என் மகள் அந்த இடத்தைக் காட்டி, "இது ஏன் இல்லை அத்தா?" என்று கேட்டாள். அருகில் உட்காரவைத்துச் சொன்னேன்.

உங்கள் வீட்டுப் பெட்டிகளையும் ஒருமுறை திறந்து பாருங்கள். பெற்றோர் விட்டுச்சென்ற பொருளுக்குள் பிறருடையது கலந்திருந்தால், அவர்கள் கப்ரில் காத்திருக்க, நாம் காலம் தாழ்த்த வேண்டாம். வல்ல ரஹ்மான் நம் பெற்றோரின் பிழைகளைப் பொறுத்து, அமானிதங்களை உரியவரிடம் சேர்ப்பிக்கும் நற்பேற்றை நமக்குத் தந்தருள்வானாக. ஆமீன்.