கோட்டுப் பையில் ஒரு தாள்

ஜார்ஜ் நாரிஸ். பிறப்பு 1861, அமெரிக்காவின் ஒஹையோ. வக்கீல் தொழில் பார்க்க நெப்ராஸ்கா போனவர். ரயில்வே கம்பெனிக்கும் உள்ளூர் வக்கீல்.

பிறகு மாவட்ட நீதிபதி. 1890-களின் வறட்சி. மக்காச்சோளம் கருகிப்போன வருஷங்கள். அடமான நிலங்கள் வரிசையாக ஏலத்துக்கு வரும். கடனைக் கட்டக்கூடிய ஆள் என்று பட்டால் அவகாசம் கொடுப்பார்.

வரலாற்றில் இதை ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள். எனக்குத் தாண்ட மனசு வரவில்லை.

1903-ல் அமெரிக்கக் காங்கிரஸின் பிரதிநிதிகள் சபை உறுப்பினர். சபாநாயகர் ஜோ கேனன். எந்தக் குழுவில் யார் என்று அவரே போடுவார். எந்த மசோதா சபைக்கு வரலாம் என்று முடிவு செய்யும் விதிகள் குழுவுக்கும் அவரே தலைவர்.

நாரிஸும் அதே குடியரசுக் கட்சிதான்.

கோட்டுப் பையில், சபாநாயகரை விதிகள் குழுவிலிருந்து விலக்க ஒரு தீர்மானம். வெகுநாளாக மடித்தபடியே கிடந்த தாள்.

1910 மார்ச் 17. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு மசோதா. அரசியல் சட்டத்தில் சொன்ன விஷயம், அதனால் முன்னுரிமை உண்டு என்றார்கள். அப்படியானால் சபை தன் விதிகளைத் தானே வகுப்பதும் அரசியல் சட்டத்தில் உள்ளதுதானே? தாளை எடுத்து நீட்டினார்.

என்ன ஒரு வக்கீல் மூளை!

19-ம் தேதி ஓட்டு. 191-156. விதிகள் குழுவில் சபாநாயகருக்கு இடம் போயிற்று.

1917 ஏப்ரல். இப்போது செனட்டர். அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்குவதற்கு எதிராக செனட்டில் மொத்தம் 6 ஓட்டு. ஒன்று இவருடையது.

1930 தேர்தல். இவரைத் தோற்கடிக்க, அதே பெயரில் ஒரு மளிகைக்கடைக்காரரை எதிராளிகள் நிறுத்தப் பார்த்தார்கள். வாக்குச்சீட்டில் எந்த நாரிஸ் எது என்று யாருக்குத் தெரியும்? கடைக்காரரின் மனு கெடு தாண்டி வந்து சேர்ந்தது. தள்ளுபடி.

அணை கட்டி மின்சாரம் தரும் அரசு அமைப்பான டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம், 1933. இவர் வருஷக்கணக்கில் போராடி வாங்கியது. கிளிஞ்ச் ஆற்றில் முதல் அணை. பெயர் நாரிஸ் அணை. ஊர்களுக்கு மின்சாரம்.

அந்த அணைக்காக சுமார் 3,000 குடும்பங்கள் நிலத்தை விட்டுக் கிளம்பின. 5,000-க்கும் மேற்பட்ட கல்லறைகளை இடம் மாற்றினார்கள்.

1934. வயது 73. நெப்ராஸ்கா சட்டமன்றத்துக்கு ஒரே அவை போதும் என்று காரில் ஊர் ஊராகப் பிரசாரம். இரண்டு செட் டயர் தேய்ந்ததாம். அப்போதிருந்த இரண்டு அவைகளும் முரண்பட்டால் ஒரு சிறு குழு கதவைச் சாத்திக்கொண்டு முடிவெடுக்கும். யார் எதை வெட்டினார் என்று வெளியே தெரியாது. அதுதான் அவருக்கு ஆறவே இல்லை.

ஜெயித்தார். 1937-ல் முதல் கூட்டம். 133 பேர் இருந்த இடத்தில் 43 பேர். கட்சிப் பெயர் இல்லாத தேர்தல்.

சம்பளமும் சட்டத்திலேயே: அப்போது மொத்தம் வருஷத்துக்கு 37,500 டாலர், எத்தனை பேரோ அத்தனை பங்கு. தலைக்கு 872 சொச்சம்.