மூன்று பெயர்கள்

கொரிய மொழி படித்தவள் என்று தெரிந்ததும் தமிழர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். அவர்களும் அம்மா, அப்பா என்றுதானே சொல்கிறார்கள், அப்படியென்றால் அது தமிழிலிருந்து வந்த மொழிதானே? எங்கள் தெருக் கோயில் பூசாரி கேட்டார். பாரிஸிலிருந்து தொலைபேசியில் கதைத்த இலங்கை நண்பரும் கேட்டார். அயுத்தா என்ற நாட்டிலிருந்து கடல் கடந்து வந்து கி.பி. 48இல் அரசியானவள் என்று 'சம்குக் யூசா' என்ற பதின்மூன்றாம் நூற்றாண்டு நூல் சொல்லும் இளவரசியை நம்மவர்கள் கன்னியாகுமரிக்காரியாகவே ஆக்கிவிட்டார்கள். கொரியாவில் வாழ்ந்த அமெரிக்கரான ஹோமர் ஹல்பர்ட் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொரிய இலக்கணத்தையும் திராவிட இலக்கணங்களையும் ஒப்பிட்டு ஒரு புத்தகம் எழுதினார் என்பது உண்மை. இன்றைய மொழியியலாளர்கள் பொதுவாக அந்த உறவை ஏற்பதில்லை. அம்மா, அப்பா போன்றவை குழந்தையின் வாயில் எளிதாக வரும் ஒலிகள். பல மொழிகளில் உண்டு. வினைச்சொல் கடைசியில் வருவது பர்மிய மொழியிலும்தான். அதற்காகப் பர்மியரை நாம் உறவு கொண்டாடியதில்லை.

நான் கண்ட உறவு வேறு. அதைச் சொல்ல எங்கள் ஊரிலிருந்து தொடங்க வேண்டும்.

யாங்கோனில் தாமுவே என்பது வட்ட ரயில் நின்று போகிற பகுதி. க்யைக்கஸன் மைதானம் அங்கேதான் இருக்கிறது. ஐ.நா. செயலாளராக இருந்த ஊ தாண்டின் உடலை 1974 டிசம்பரில் மாணவர்கள் தூக்கிச் சென்றது அந்த மைதானத்திலிருந்துதான். என் தாத்தா கப்பலில் வந்தவர். 1942இல் ஜப்பானியருக்குப் பயந்து நடந்தே இந்தியா போனவர்களோடும் அவர் போகவில்லை. 1964இல் கடைகள் அரசுடைமையானபின் கப்பலேறியவர்களோடும் போகவில்லை. போனவர்கள் சென்னையில் பர்மா பஜார் போட்டார்கள். தங்கியவர்கள் பெயரை மாற்றிக்கொண்டார்கள். 1965இல் தனியார் பள்ளிகள் அரசின் கைக்குப் போனதும் தமிழ் வகுப்பறையை விட்டு வெளியேறிக் கோயில் மண்டபத்திலும் அடுப்படியிலும் ஒதுங்கியது. மண்டபத்தில் மாலை வகுப்பெடுத்த ஒரு அக்காதான் எனக்கு அ, ஆ சொல்லித் தந்தார். சம்பளம் கிடையாது. பள்ளிப் பதிவேட்டில் எனக்குப் பர்மியப் பெயர், வீட்டில் தமிழ்ப் பெயர். இரண்டும் ஒரே ஆளுக்கு உரியவை என்பது பள்ளித் தோழிகள் பலருக்குத் தெரியாது.

அப்பாவின் தலைமுறைக்குக் கொரியா என்றால் குண்டு. 1983 ஒக்டோபர் 9 அன்று யாங்கோன் தியாகிகள் நினைவிடத்தில் வடகொரிய ஆட்கள் வைத்த குண்டு வெடித்து 21 பேர் இறந்தார்கள். தென்கொரியர்கள் தங்கள் எழுத்து நாளைக் கொண்டாடுவதும் அதே தேதியில்தான் என்பது எனக்குப் பிறகு தெரிந்தது. எங்கள் தலைமுறைக்குக் கொரியா என்றால் தொலைக்காட்சித் தொடர். மாலையில் தெருவே வீட்டுக்குள் போய்விடும். 2000களில் நான் பத்தாம் வகுப்புத் தேறியபோது, அயல்மொழிப் பல்கலைக்கழகத்தின் கொரியத் துறைக்குப் பத்து வயது தாண்டியிருந்தது. அது 1993இல் தொடங்கியது. "அது சோறு போடுமா?" என்று அம்மா கேட்டார். கொரியர்களின் தையல் ஆலைகள் வந்திருக்கின்றன, போடும் என்றார் அப்பா. இலக்கியம் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை.

முதல் வாரத்திலேயே ஒன்று நடந்தது. கொரிய எழுத்தில் சொல்லின் முதலில் 'க' என்று ஒலிக்கும் எழுத்து, இரண்டு உயிர்களுக்கு நடுவில் வந்தால் மெலிந்து ஒலிக்கிறது. த, ப வகைகளும் அப்படியே. பர்மிய மாணவிகள் இதைத் தனி விதியாக எழுதிக்கொண்டார்கள். எனக்கு விதி தேவைப்படவில்லை. 'கடல்' என்பதில் ஒரு ககரம், 'அகல்' என்பதில் வேறொரு ககரம் என்று நாக்குக்கு முன்பே தெரிந்திருந்தது. ஆனால் தெரிந்திருக்கிறது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. பெரியவர்களிடம் பேசும்போது வினையின் ஈறு மாறும் என்று ஆசிரியர் பலகையில் எழுதியபோது, பாட்டியிடம் 'வாங்க' என்றும் தம்பியிடம் 'வா' என்றும் சொல்லி வளர்ந்த எனக்கு, எங்கள் அடுப்படிப் பேச்சுக்கும் ஒரு இலக்கணம் இருக்கிறது என்று விளங்கியது. அதுவரை தமிழ் எனக்கு வீட்டின் வாசனை மாதிரி. யாரும் அதைப் பாடமாக நினைத்துப் பார்த்ததில்லை.

எழுத்துகளுக்கு அவர்கள் வைத்த பெயரும் பிடித்திருந்தது. நாம் உயிர், மெய் என்கிறோம். அவர்கள் உயிரைத் தாய் ஒலி என்றும் மெய்யைச் சேய் ஒலி என்றும் சொல்கிறார்கள்.

வகுப்பில் ஆளுக்கொரு கொரியப் பெயர் தந்தார்கள். அதுதான் எனது மூன்றாவது பெயர். விளையாட்டாகத்தான் இருந்தது, யுன் தோங்-ஜுவைப் படிக்கும்வரை.

அவர் 1917இல் மஞ்சூரியாவில், குடிபெயர்ந்த கொரியர்களின் கிராமமொன்றில் பிறந்தவர். அதாவது உங்களையும் என்னையும் போல, சொந்த நாட்டுக்கு வெளியே சொந்த மொழியில் எழுதியவர். ஜப்பானியர் 1938 முதல் கொரிய மொழியைப் பள்ளிகளிலிருந்து ஒதுக்கினார்கள். 1940இல் கொரியர்கள் ஜப்பானிய முறையில் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். சில மாதங்களில் ஏறக்குறைய எண்பது சதவீதத்தினர் பதிந்தார்கள். 1942இல் அகராதி தொகுத்தவர்களைச் சிறையிலிட்டார்கள். இருவர் சிறையில் இறந்தார்கள். யுன் ஜப்பானில் மேற்படிப்புக்குப் போவதற்காக 1942 ஜனவரியில் ஹிரானுமா என்று பெயரைப் பதிந்தார். அதற்கு ஐந்து நாட்கள் முன்பு தன் வெட்கத்தை ஒரு கவிதையாக எழுதி வைத்தார். அடுத்த ஆண்டு கைதானார். 1945 பெப்ரவரியில், விடுதலைக்கு ஆறு மாதம் இருக்கையில், ஃபுகுவோக்கா சிறையில் இறந்தார்.

உயிரோடு இருக்கும்போது அவருடைய தொகுப்பு அச்சாகவில்லை. பத்தொன்பது கவிதைகளைக் கையால் மூன்று பிரதி எடுத்திருந்தார். ஒன்று நண்பர் சோங் பியோங்-உக்கிடம் இருந்தது. அந்த நண்பரை 1944இல் ஜப்பானியப் படைக்குப் பிடித்துப் போனபோது, அவர் அதைத் தாயிடம் கொடுத்தார். அந்தத் தாய் குவாங்யாங்கில் தங்கள் வீட்டுத் தரைப்பலகைக்குக் கீழே ஒரு சாடிக்குள் அதை ஒளித்து வைத்தார். மற்ற இரண்டும் போய்விட்டன. 1948இல் புத்தகமாக வந்தது சாடியில் இருந்த பிரதியிலிருந்துதான்.

இதைப் படித்த அன்று பஸ்ஸில் தாமுவே திரும்பும்போது நான் யுன்னை நினைக்கவில்லை. சம்பளமில்லாமல் அ, ஆ சொல்லித் தந்த அக்காவை நினைத்துக்கொண்டேன். எங்கள் பெயரை யாரும் துப்பாக்கி காட்டி மாற்றவில்லை. பிள்ளைக்குப் பள்ளியில் தொல்லை வேண்டாமே என்று நாங்களே மாற்றினோம். இரண்டும் ஒன்றல்ல. ஆனாலும் அந்த வெட்கம் எனக்குப் புதிதாக இல்லை.

இப்போது நான் கொரியாவில், இஞ்சோன் நகரின் புப்யோங்கில் இருக்கிறேன். பர்மியக் கடைகள் நிறைந்த இடம். 2021 பெப்ரவரியில் இராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு யாங்கோனில் கொரிய வகுப்புகள் பெருகின. 2024 பெப்ரவரியில் கட்டாய இராணுவச் சேவைச் சட்டத்தை நடைமுறைப்படுத்தப்போவதாக அறிவித்ததும் இன்னும் பெருகின. 18 முதல் 35 வயதுவரை ஆண்கள், 18 முதல் 27 வரை பெண்கள். அந்த ஆண்டு மே மாதம் ஆண்கள் வெளிநாட்டு வேலைக்குப் போகும் அனுமதியையும் நிறுத்தினார்கள். இருந்தும் பையன்கள் படிக்கிறார்கள். தொழிலாளர் தேர்வுக்கான பாடத்தில் இயந்திரம், விபத்து, சம்பளம் எல்லாம் உண்டு. கவிதை இல்லை. அதில் எனக்குக் குறையில்லை. உயிர் தப்பப் படிக்கிறவனிடம் கவிதை கேட்க முடியாது.

என் சித்தி மகனும் படிக்கிறான். இரவில் தொலைபேசியில் உச்சரிப்புக் கேட்பான். நான் தமிழ் படித்த அதே மண்டபத்தில் சனிக்கிழமை கொரிய வகுப்பு நடக்கிறதாம், இடமே இல்லையாம். ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு, ஏழு பிள்ளைகள். ஞாயிறும் போய் உட்காரேன் என்றேன். சிரித்தான்.

"அக்கா, தமிழுக்கு எந்த நாட்டுல விசா குடுப்பாங்க?"

கேள்வி நியாயமானது. ஒஸ்லோவிலும் டொரொன்டோவிலும் உங்கள் பிள்ளைகள் இதையே வேறு வார்த்தைகளில் கேட்டிருப்பார்கள். என்னிடம் பதில் இல்லை. சாடியின் கதையைச் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டான். பிறகு தன் பெயரைத் தமிழில் எப்படி எழுதுவது என்று கேட்டான்.

எழுதி அனுப்பினேன்.