கோத்தா திங்கி அருவியும் ஒரு நீச்சல் நட்சத்திரமும்

பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளை எங்கே அழைத்துப் போகலாம் என்று யோசிக்கிறீர்களா? கோத்தா திங்கி அருவிக்கு ஒருமுறை போய் வாருங்கள். ஜொகூர் பாருவிலிருந்து கோத்தா திங்கி சுமார் 40 கிலோமீட்டர். அங்கிருந்து இன்னும் 15 கிலோமீட்டர் போனால், முந்தஹாக் மலையடிவாரத்தில் அருவியின் இரைச்சல் உங்களை வரவேற்கும். பாறைகளில் விழுந்து, கீழே தேங்கி ஓடும் தண்ணீர் சில்லென்றிருக்கும். கட்டிக்கொண்டு போன புளிச்சோறும் அவித்த முட்டையும் அங்கே அமிர்தமாக இறங்கும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பிள்ளைகள் தண்ணீரைக் கண்டதும் துள்ளுவார்கள். நாமோ கரையில் நின்று, "முழங்காலுக்கு மேலே போகாதே!" என்று கத்துவோம். காரணம் உங்களுக்கே தெரியும். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நம்மில் பலருக்கு நீந்தத் தெரியாது.

சென்ற முறை நானும் அப்படித்தான் நின்றேன். அப்போது, சிறுவயதில் அம்மாவுடன் பட்டணத்துக் கொட்டகையில் பார்த்த ஓர் ஆங்கிலப் படம் நினைவுக்கு வந்தது. பாட்டு முழங்க, பெண்கள் கூட்டமாகத் தண்ணீரில் தாமரைபோல் விரிவார்கள். நடுவிலிருந்து சிரித்தபடி எழுந்து வருவார் எஸ்தர் வில்லியம்ஸ். "தண்ணிக்குள்ள அவளுக்கு மூச்சு முட்டாதா?" என்று அம்மா கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்குப் பதில் தெரியவில்லை.

அவரைச் சீமாட்டி என்றுதான் நான் நினைத்திருந்தேன். உண்மை வேறு. 1921-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே, ஐந்து பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தவர் அவர். பொது நீச்சல் குளத்துக்கு நுழைவுக் கட்டணம் 5 செண்ட். அதற்காக அந்தக் குளத்திலேயே துண்டுகளை எண்ணிக் கொடுக்கும் வேலை பார்த்தார். அங்கிருந்த காவலர்களே அவருக்கு நீச்சல் சொல்லித் தந்தார்கள். 1939-இல் அமெரிக்க தேசியப் போட்டியில் 100 மீட்டர் நீச்சலில் வென்றார். 1940 ஒலிம்பிக் போட்டி போரினால் நின்றுபோகவே, சினிமா அவரை அழைத்துக்கொண்டது. 1944-இல் 'பேதிங் பியூட்டி' வந்தது. 1953-இல் வந்த 'டேஞ்சரஸ் வென் வெட்' படத்தில் ஆங்கிலக் கால்வாயை நீந்தப் புறப்படும் விவசாயி மகள் அவர். டாம் பூனையும் ஜெர்ரி எலியும்கூட அவரோடு நீந்தும்! அந்தச் சிரிப்புக்குப் பின்னால் வலியும் உண்டு. 1952-இல் வெளியான 'மில்லியன் டாலர் மெர்மெய்ட்' படத்துக்காக உலோகக் கிரீடத்துடன் உயரத்திலிருந்து குதித்தபோது கழுத்தெலும்பு முறிந்து, ஆறு மாதம் கட்டோடு கிடந்தார்.

கதைகேட்டு ரசித்தது போதும், வாசகர்களே. நம் ஊர்த் தண்ணீருக்கு வருவோம். அருவி, நீச்சல் குளமல்ல. மலையில் மழை பெய்தால், கீழே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் பாய்ந்து வரும். மலாய்க்காரர்கள் இதைக் 'கெப்பாலா ஆயர்' என்பார்கள். தண்ணீர் கலங்கினாலோ, இலைதழை அடித்து வந்தாலோ, உடனே கரையேறிவிடுங்கள். நீச்சல் தெரிந்தவரையும் அது விட்டுவைக்காது. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி நகரமே வெள்ளத்தில் மூழ்கியதை மறந்திருக்க மாட்டீர்கள்.

அதனால்தான் சொல்கிறேன்: அருவிக்குப் போகுமுன் பிள்ளைகளைக் குளத்துக்கு அனுப்புங்கள். பயிற்றுநரிடம் முறையாகக் கற்கட்டும். 'பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு நீச்சல்?' என்று கேட்காதீர்கள். தண்ணீருக்கு ஆண், பெண் தெரியுமா?

அருவியிலிருந்து திரும்பிய மறுவாரமே என் மகளைப் பட்டணத்து நீச்சல் குளத்தில் சேர்த்தேன். முதல் நாள் அழுதாள். மூன்றாம் வாரம் தலையை முக்கி எழுந்து, "மூச்சு முட்டலியா?" என்ற என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"தண்ணிக்குள்ள மூச்சை மெதுவா விட்டுக்கிட்டே இருக்கணும்ப்பா. அப்புறம் தலையைத் தூக்கி இழுத்துக்கணும். அவ்வளவுதான்!"

அம்மாவின் கேள்விக்கு அன்றுதான் பதில் கிடைத்தது. கேட்க அம்மா இல்லை. ஆனால் அவர் பேத்தி இனி முழங்காலளவுத் தண்ணீருக்குப் பயப்பட மாட்டாள்.